திரை இல்லாத கணினி

சனிக்கிழமை மத்தியானம். கொல்லைப்பக்கம் கோழி ஒன்று கேறிக்கொண்டிருந்தது. நான் அறைக்குள் தரையில் உட்கார்ந்து கணினிப் பெட்டியின் பொத்தானை அழுத்தினேன்.

உள்ளே விசிறி சுழலத் தொடங்கியது. அதன் காற்று முழங்காலில் பட்டது. வழக்கமாக அடுத்ததாக ஒரு சின்ன 'பீப்' கேட்கும். நான் வந்துவிட்டேன் என்று பெட்டி சொல்வது அது. கொஞ்ச நேரத்தில் பேச்சும் வந்துவிடும்.

அன்றைக்குச் சின்ன பீப் வரவில்லை. ஒரு நீண்ட ஓலம் வந்தது. சற்று நின்றது. மறுபடி அதே ஓலம்.

அடுப்படியிலிருந்து அத்தையின் குரல் கேட்டது. என் வீட்டுக்காரரைப் பெற்றவர், சவரியம்மா.

"என்னம்மா அது, அழுகுற மாதிரி கேக்குது?"

"ஒண்ணுமில்லங்கத்தை. கம்ப்யூட்டர்தான்."

"அதுக்கு என்னவாம்?"

அது தெரிந்திருந்தால் நான் ஏன் தரையில் உட்கார்ந்திருக்கப் போகிறேன். பொத்தானை அழுத்திப் பிடித்து நிறுத்தினேன். ஓலம் அடங்கியது. 

தண்ணீர்ச் செம்பு இருக்கும் இடம்

நான் எழுதிவரும் இந்தக் கட்டுரைத் தொடரை வாசித்துவரும் ஒருவர், "கண் தெரியாத நீங்கள் எப்படி எழுதுகிறீர்கள், யாராவது பக்கத்தில் இருந்து எழுதித் தருகிறார்களா" என்று கேட்டிருந்தார். இன்னும் சிலருக்கும் அந்தச் சந்தேகம் இருக்கும். அதைச் சொல்லாமல் மேலே போனால் இந்தக் கதை புரியாது.

நானேதான் எழுதுகிறேன். கணினியில் திரையைப் படித்துச் சொல்லும் மென்பொருள் ஒன்று இருக்கிறது. நான் தட்டும் ஒவ்வோர் எழுத்தையும் அது காதில் சொல்லும். வந்திருக்கும் மின்னஞ்சலைப் படிக்கும். எந்த இடத்தில் நிற்கிறேன் என்று சொல்லும். எல்லாம் காது வழியாகத்தான்.

அதனால் என் கணினிக்குத் திரை கிடையாது. வாங்கியபோது கூடவே வந்த திரையைக் கொஞ்ச காலம் மேசையில் வைத்திருந்தேன். எனக்கு அதனால் ஒரு உபயோகமும் இல்லை, தூசி துடைப்பதுதான் மிச்சம். பக்கத்து ஊர்ப் பள்ளிக்கூடத்துக்குக் கொடுத்துவிட்டேன். அது இருந்த இடத்தில் இப்போது தண்ணீர்ச் செம்பு இருக்கிறது.

வீட்டுக்கு வருகிறவர்கள் கொஞ்ச நேரம் சும்மா நிற்பார்கள். அப்புறம் கேட்பார்கள்: "டீச்சர், இதுல டிவி மாதிரி ஒண்ணு இருக்குமே, அது எங்க?"

எனக்கு ஏழாம் வகுப்பில் சாயங்கால வெளிச்சம் முதலில் போனது. விளையாடிவிட்டுத் திரும்பும்போது வேலியில் போய் முட்டுவேன். பிறகு கரும்பலகை மங்கியது. பிளஸ் டூ முடிப்பதற்குள் எல்லாம் போய்விட்டது. விழித்திரை நோய் என்றார்கள். ஆகவே எழுத்துகளை நான் பார்த்திருக்கிறேன். தமிழ் எழுத்தும் ஆங்கில எழுத்தும் எப்படி இருக்கும் என்று தெரியும். அதற்குப் பின் பல வருஷமாக எழுத்து எனக்கு வெறும் சத்தமாகவும், பிரெய்ல் புள்ளிகளாகவும்தான் இருந்தது.

கணினி பேசுவதை முதல் முதலாகத் திருச்சியில் ஒரு பயிற்சி வகுப்பில் கேட்டேன். என் பெயரைத் தட்டச் சொன்னார்கள். தட்டினேன். தகரக் குரலில், மூக்கால் பேசுவது போல, "ஸ்டெல்லா" என்றது. நான் எழுதியதை நானே படிக்க முடியாமல் இருந்த வருஷங்கள் அந்த ஒரு சொல்லோடு முடிந்தன. விசைப்பலகையில் கையை வைத்தபடி அப்படியே உட்கார்ந்திருந்தேன். பயிற்சியாளர் வந்து, "என்னம்மா, மெஷின் நின்னுபோச்சா" என்று கேட்டார்.

பவித்ராவின் பாடம்

நான் அரசுப் பள்ளியில் ஆங்கிலம் நடத்துகிறேன். பள்ளி முடிந்து வந்தால் எனக்கு இன்னொரு வேலை உண்டு. பார்வையில்லாத கல்லூரிப் பிள்ளைகளுக்காகப் பாடப் புத்தகங்களை நல்ல மனசுள்ளவர்கள் வாசித்துப் பதிவுசெய்து அனுப்புவார்கள். ஒருவர் வாசிக்கும்போது குக்கர் விசில் அடிக்கும். இன்னொருவர் வீட்டில் நாய் குரைக்கும். ஒருவர் ஒரே பத்தியை இரண்டு தரம் வாசித்துவிடுவார். அதையெல்லாம் வெட்டி, ஒழுங்காகக் கோத்து, பாடம் பாடமாகப் பிரித்துப் பிள்ளைகளுக்கு அனுப்புவேன்.

அந்த முறை வல்லத்திராக்கோட்டைப் பெண் பவித்ராவுக்குப் பொருளியல். புதுக்கோட்டையில் படித்துக்கொண்டிருந்தாள், கடைசி வருஷம். பிறவியிலேயே பார்வை கிடையாது. அவளுக்கு அடுத்த வாரம் தேர்வு. புத்தகம் முழுவதும் வெட்டி முடித்துவிட்டேன். அனுப்ப வேண்டியதுதான் பாக்கி.

எல்லாப் பதிவுகளும் கிடக்கும் பழைய டிஸ்க்கில் இடமே இல்லை. ஒரு கோப்பைத் திறந்தால் பெட்டி திணறும். குரல் பாதிச் சொல்லில் நிற்கும். அது ஒருநாள் ஒரேயடியாக நின்றுவிட்டால் என்ன செய்வது என்ற பயம் வேறு. எல்லாவற்றுக்கும் ஒரு பிரதி எடுத்து வைப்பதற்காகத்தான் புதுக்கோட்டைக்குப் போய்ப் புது டிஸ்க் ஒன்றும், வேகத்துக்காக ராம் என்னும் நினைவகப் பலகை ஒன்றும் வாங்கி வந்தேன்.

கடைக்காரர், "பெட்டியத் தூக்கிட்டு வாங்க மேடம், மாட்டித் தாரேன்" என்றார்.

"நானே மாட்டிக்கிறேன்" என்றேன்.

அவர் ராமை எடுத்து என் கையில் கொடுத்து, அதன் விளிம்பில் இருந்த சின்ன வெட்டைத் தடவிப் பார்க்கச் சொன்னார். "இந்த வெட்டு எந்தப் பக்கம்னு மட்டும் பாத்துக்கங்க. மாத்திப் போட்டா உள்ள எறங்காது."

என்னால் முடியும் என்று எனக்கு நம்பிக்கை இருந்தது. என் வீட்டுக்காரர் அந்தோணி சிங்கப்பூரில் கப்பல் கட்டும் தளத்தில் வேலை பார்க்கிறார். ஒரு விடுமுறையில் வந்திருந்தபோது பெட்டியைத் திறந்து, என் விரலைப் பிடித்து ஒவ்வொரு பாகமாகத் தொடவைத்துப் பெயர் சொன்னார். மற்றப் பெண்களுக்கு வீட்டுக்காரர் சேலை வாங்கி வருவார், எனக்கு மதர்போர்டு காட்டினார் என்று பள்ளியில் சொல்லிச் சிரிப்பேன்.

அந்தச் சனிக்கிழமை காலையில் புது டிஸ்க்கைப் பொருத்தினேன். ராமைச் செருகினேன். மூடியை மாட்டி முடிக்கும்போது மத்தியானமாகிவிட்டது. பொத்தானை அழுத்தினேன். ஓலம் வந்தது.

பெட்டிக்குள்ளே

நீளமாக விட்டு விட்டுக் கத்தினால் ராமில் கோளாறு என்று அந்தோணி சொல்லியிருந்தார். அந்த நேரம் அவர் கப்பலுக்குள் வேலையில் இருப்பார், கைபேசியை உள்ளே கொண்டுபோக விடமாட்டார்கள். நானேதான் பார்க்கவேண்டும்.

மின்சார வயரைப் பிடுங்கினேன். மூடியைக் கழற்றினேன். சூடும் தூசியும் கலந்த ஒரு வாடை வந்தது. உடம்பில் இருக்கும் நிலைமின்சாரம் இறங்குவதற்காகப் பெட்டியின் இரும்பைக் கொஞ்ச நேரம் தொட்டுக்கொண்டிருந்தேன். பிறகு கையை உள்ளே விட்டேன்.

கண் இருப்பவர்கள் மதர்போர்டைத் தடவிப் பார்க்க மாட்டார்கள், பார்த்தாலே போதும் அவர்களுக்கு. எனக்கு அது விரல் நுனியில்தான் தெரியும். பயறு அளவு உருண்டைகள். ஊசி முனைபோல் வரிசையாகக் கம்பிகள். ஒரு பக்கம் தகட்டு அடுக்காக ஒன்று, அதன் மேல் விசிறி. இவ்வளவு சின்னச் சின்னதாக, இவ்வளவு நெருக்கமாக, ஒன்றுகூடத் தப்பாமல் யாரோ வைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு தரமும் எனக்கு மூச்சு நின்று வரும்.

ராம் பலகையைத் தொட்டேன். ஒரு முனையில் கொக்கி அதை இறுகப் பிடித்திருந்தது. மறுமுனையில் கொக்கி வாயைத் திறந்துகொண்டு நின்றது. பலகை அந்தப் பக்கம் நகத்தளவு தூக்கலாக இருந்தது.

இதற்கா இத்தனை அழுகை.

இரண்டு கட்டைவிரலையும் வைத்து அழுத்தினேன். உடைந்துவிடுமோ என்று பயமாக இருந்தது. இன்னும் அழுத்தினேன். 'டக்' என்றது. இரண்டு கொக்கியும் மூடிக்கொண்டன.

வயரைச் செருகிப் பொத்தானை அழுத்தினேன். விசிறி. காற்று. பிறகு அந்தச் சின்ன பீப்.

"அழுகை நின்னுருச்சா?" என்றார் அத்தை.

"நின்னுருச்சுங்கத்தை."

பேச்சு வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. அத்தை உரலில் பூண்டு தட்டி முடித்தார். தாளித்தார். கடுகு வெடித்து அடங்கியது. என் காதில் மாட்டியிருந்த ஹெட்போனில் ஒரு சத்தமும் இல்லை.

சித்தன்னவாசலில் ஒரு முனகல்

பழைய டிஸ்க் செத்துப்போயிருக்குமோ என்றுதான் முதலில் தோன்றியது. பவித்ராவின் பாடம், இந்தத் தொடருக்காக எழுதி வைத்தவை, என் வருஷக் கணக்கான வேலை எல்லாம் அதில்தான் இருந்தன.

உள்ளே கையை விட்டு டிஸ்க்கின் மேல் உள்ளங்கையை வைத்தேன். மெல்லிய நடுக்கம் இருந்தது. கூர்ந்து கேட்டால் மட்டும் கேட்கும் ஒரு முனகல். சுழல்கிறது.

சின்ன வயதில் சித்தன்னவாசலுக்குப் பள்ளியில் கூட்டிப்போனார்கள். அப்போது எனக்குப் பார்வை பாதி போயிருந்தது. குடைவரைக்குள் நுழைந்ததும் எல்லாப் பிள்ளைகளும் அண்ணாந்து கூரை ஓவியத்தைப் பார்த்தார்கள். தாமரை இருக்கிறது என்றார்கள், மீன் இருக்கிறது என்றார்கள், யானை இருக்கிறது என்றார்கள். எனக்கு அந்த இருட்டில் ஒன்றும் தெரியவில்லை. தெரிகிறது என்று பொய் சொல்லிக்கொண்டு நானும் அண்ணாந்து நின்றேன்.

அங்கிருந்த காவலாளி உள் அறைக்குக் கூட்டிப்போய் எல்லாரையும் பேசாமல் இருக்கச் சொன்னார். பிறகு நடுவில் நின்று, வாயை மூடிக்கொண்டு, மெதுவாக ஒரு முனகல் விட்டார்.

அறை முழுவதும் அதைத் திருப்பிப் பாடியது. சுவரிலிருந்து வந்ததா, கூரையிலிருந்து வந்ததா என்று தெரியவில்லை. என் நெஞ்சுக்கூட்டுக்குள் அது நடுங்கியது. சுவரில் கையை வைத்தேன். இத்தனை நூறு வருஷத்துக் கல் என் கைக்குள் முனகியது. ஓவியம் பார்த்த பிள்ளைகள் அதைக் கேட்டுவிட்டு வெளியே ஓடிவிட்டார்கள். நான் கடைசி ஆளாக வந்தேன்.

டிஸ்க்கின் மேல் கையை வைத்திருந்தபோது அந்தக் கல் நினைவுக்கு வந்தது. இது உயிரோடுதான் இருக்கிறது. ஆனால் ஏதோ காரணத்தால் பெட்டி இதைக் கூப்பிட மாட்டேன் என்கிறது. என்ன காரணம் என்று திரையில் கண்டிப்பாக எழுதியிருக்கும். படித்துச் சொல்லும் குரல் இன்னும் விழித்துக்கொள்ளவில்லை. அது விழித்துக்கொள்வதற்கு முன்னால் என்ன நடந்தாலும் எழுத்தில் மட்டும்தான் நடக்கும்.

என்னிடமோ திரையே இல்லை.

அப்போது கைபேசி அடித்தது. பவித்ரா.

"மேடம், சாப்பிட்டீங்களா? பாடம் இன்னிக்கு வந்துருமா மேடம்? மத்த பேப்பர் எல்லாம் முடிச்சிட்டேன். இது ஒண்ணுதான் இன்னும் கேக்கவே இல்ல."

"வந்துரும்டா" என்றேன். என் குரல் எனக்கே நம்பும்படியாக இல்லை.

 "வேற யார்கிட்டயும் இந்தப் புக்கு ஆடியோவா இல்ல மேடம். கேட்டுப் பாத்துட்டேன். அதான்" என்றாள்.

டிவிக்கு முன்னால்

கூடத்தில் அத்தையின் டிவி இருந்தது. கணினியின் பின்பக்கத்தில் படத்தை வெளியே அனுப்பும் துளையும் டிவியின் பின்பக்கத் துளையும் ஒரே வகை. அந்தோணி ஒருமுறை சொன்னது அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

அத்தை சாப்பிட்டுவிட்டுத் தொடர் பார்க்க உட்கார்ந்திருந்தார். கதாநாயகியை யாரோ வீட்டைவிட்டுத் துரத்திக்கொண்டிருந்தார்கள்.

"அத்தை, டிவிய கொஞ்ச நேரம் நான் எடுத்துக்கவா?"

"என்னத்துக்கு?"

"கம்ப்யூட்டர மாட்டணும். அதுல என்னமோ எழுதிருக்கு. நீங்க பாத்துச் சொல்லணும்."

அத்தைக்குத் தயக்கம். நான் கல்யாணமாகி வந்ததிலிருந்து என் அறையைப் பெருக்குவார், ஆனால் அந்தப் பெட்டியைத் தொடமாட்டார். அது பேசுவதை ஒருநாள் கேட்டுவிட்டு, "ஆளில்லாம ஒரு குரல் வருது, எனக்கு அது ஆகாது" என்று சொல்லிவிட்டார். அப்புறம்தான் நான் காதில் மாட்டிக் கேட்க ஆரம்பித்தேன்.

"எனக்கு இங்கிலீசு தெரியாதேம்மா. செபப் புத்தகம் படிப்பேன். அம்புட்டுத்தான்."

"படிக்க வேணாங்கத்தை. என்ன இருக்குன்னு சொன்னாப் போதும்."

அவர் எழுந்தார். தொடரின் சத்தம் பாதியில் நின்றது. "நீ அங்கிட்டுப் புடி, நான் இங்கிட்டுப் புடிக்கிறேன்" என்றார். பெட்டியை இரண்டு பேருமாகக் கூடத்துக்குத் தூக்கி வந்தோம். முதல் முறையாக அதைத் தொடுகிறார் என்று அவர் மூச்சு விடுவதிலேயே தெரிந்தது. கேபிள் பெட்டியிலிருந்து டிவிக்குப் போன வயரைக் கழற்றிக் கணினியில் செருகி, பொத்தானை அழுத்தினேன்.

கைபேசியில் எழுத்தைப் படித்துச் சொல்லும் செயலி ஒன்று வைத்திருக்கிறேன். அதை டிவிக்கு நேராகப் பிடித்தேன். வாசல் வெயில் கண்ணாடியில் அடித்ததோ என்னவோ, எழுத்து எதுவும் இல்லை என்றே அது திரும்பத் திரும்பச் சொன்னது.

"இருக்கே" என்றார் அத்தை. "கறுப்புல வெள்ளையா ஒரு வரி இருக்கு. அதுக்கு எழுத்து இல்லங்குது."

"எப்படி இருக்குன்னு சொல்லுங்கத்தை."

"மொதல்ல ஒரு கம்பு. கம்புக்கு மேல பக்கம் ஒரு வயிறு. கீழ ஒரு காலு நீட்டிருக்கு." நிறுத்தினார். "இது எப்படிம்மா வாயால சொல்றது. கையக் கொண்டா."

என் வலது கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். உள்ளங்கையில் தன் ஆள்காட்டி விரலால் வரைந்தார். பூண்டு வாடை அடித்த, சொரசொரப்பான விரல்.

ஒரு கம்பு. வயிறு. கால்.

ஆர்.

 எத்தனை வருஷமாகிவிட்டது ஓர் எழுத்தைப் பார்த்து. அது என் நெற்றிக்குள் வெள்ளையாக எழுந்து நின்றது. நான் கடைசியாகப் பார்த்த கரும்பலகையில் இருந்த அதே மாதிரி.

"தெரியுதா?"

"தெரியுதுங்கத்தை. அடுத்தது போடுங்க."

அவர் வரைந்தார். ஒன்றன்பின் ஒன்றாக எழுத்துகள் வந்தன. சிலவற்றை நான் தவறாக எடுத்துக்கொண்டேன், மறுபடி வரையச் சொன்னேன். அவருக்கு அந்த எழுத்துகளின் பெயர் தெரியாது. எனக்கு அவை கண்ணுக்குத் தெரியாது. இரண்டு பேருக்கும் நடுவில், என் உள்ளங்கையில், அந்த வரி கூடிவந்தது. சரியான டிஸ்க்கிலிருந்து மறுபடி தொடங்கு என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தது.

எனக்குப் புரிந்துவிட்டது. பெட்டி புது டிஸ்க்கைப் போய்த் தட்டிக்கொண்டிருக்கிறது. அது காலி. அங்கே எழுப்புவதற்கு யாரும் இல்லை.

ஒரு சிலுவை

பெட்டியை நிறுத்தி மறுபடி தொடங்கி, டெலீட் பொத்தானைத் தட்டிக்கொண்டே இருந்தேன். எந்த டிஸ்க்கை முதலில் தட்டவேண்டும் என்ற வரிசையை மாற்றும் இடத்துக்குப் போக அதுதான் வழி.

"நீலமா வந்துருச்சும்மா. முழுக்க எழுத்து. மேல வரிசையா சொல்லு சொல்லா இருக்கு. ஒண்ணு மட்டும் வெளிச்சமா இருக்கு."

வலப்பக்க அம்புக்குறியை அழுத்தினேன்.

"வெளிச்சம் அடுத்ததுக்குத் தாவிருச்சு" என்றார். குரலில் ஒரு திகைப்பு. "நீ அமுத்துறது அங்க நடக்குது."

"ஒவ்வொண்ணா வாரேன். கம்புல ரெண்டு வயிறு இருக்குற எழுத்து வந்தா சொல்லுங்க."

அழுத்தினேன். இல்லை என்றார். அழுத்தினேன். இல்லை. அழுத்தினேன்.

"நில்லு. கம்பு, ரெண்டு வயிறு. அப்பறம் ரெண்டு முட்ட." குரலைத் தாழ்த்தினார். "கடைசில ஒரு சிலுவை இருக்கும்மா."

பூட், அதாவது தொடக்கம். அதுதான். உள்ளே போனேன்.

இரண்டு டிஸ்க்கும் அங்கே வரிசையாக இருக்கவேண்டும். பழையது ஐநூறு ஜிபி, புதியது ஆயிரம். ஐநூறு அங்கே இல்லை என்றால் எல்லாம் போனது என்று அர்த்தம்.

"அத்தை, அங்க நம்பர் ஏதும் இருக்கா? ஐநூறுன்னு இருக்கா பாருங்க."

"மேல ஆயிரம் இருக்கு."

"ஐநூறு?"

அவர் எழுந்து டிவிக்குக் கிட்டே போகும் சத்தம் கேட்டது. கொல்லையில் கோழியும் அடங்கியிருந்தது. நான் விசைப்பலகையின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

"எழுத்துக்கு நடுவுல ஒளிஞ்சிருக்கு. அஞ்சு, சைபர், சைபர். இருக்கும்மா. ரெண்டாவதா இருக்கு."

அதை மேலே ஏற்றினேன். "ஏறிருச்சு" என்றார். சேமித்து வெளியே வந்தேன். சின்ன பீப் கேட்டது.

"புள்ளி புள்ளியா வட்டம் சுத்துது" என்றார். "சுத்துது. இன்னும் சுத்துது."

பிறகு கூடம் முழுவதும் நிறைந்து ஒரு குரல் வந்தது. டிவி வழியாக வந்ததால் அவ்வளவு சத்தம். அதே தகரக் குரல், நேரத்தைச் சொல்லி, வரவேற்பு சொன்னது. அத்தை என் தோளைப் பிடித்துக்கொண்டார். பயந்துவிட்டார் என்று நினைத்து ஒலியைக் குறைக்கக் கை நீட்டினேன்.

"இருக்கட்டும், பேசட்டும்" என்றார். "இம்புட்டு நேரம் தேடுனோம்ல."

கோடு

பவித்ராவுக்கு அன்று சாயங்காலமே பாடம் போய்ச் சேர்ந்தது. கைபேசிக்கு மாற்றி, சிக்னலுக்காக மொட்டை மாடியில் போய் நின்று அனுப்பினேன். தேர்வு முடிந்த அன்று மண்டபத்து வாசலிலிருந்தே கூப்பிட்டாள். அவள் சொல்லச் சொல்ல எழுதித் தருகிறவருக்குக் கை வலித்துப்போகும் அளவுக்குச் சொன்னாளாம். பிறகு தேறியும்விட்டாள்.

ஆனால் அதற்கு முன்னால், அந்த மத்தியானம் கூடத்திலேயே இன்னொன்று நடந்தது.

பதிவுகள் கெடாமல் இருக்கின்றனவா என்று பார்க்க ஒரு பாடத்தைத் திறந்து ஓடவிட்டேன். பொருளியல் வாசிக்கும் ஒரு பெண்ணின் குரல் கேட்டது. அத்தை டிவியையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்.

"என்னம்மா இது, மலை மலையா ஓடுது?"

நான் ஓட்டத்தை நிறுத்தினேன். "எது?"

"அந்தப் பொண்ணு பேசப் பேசக் கோடு பொங்குது. பேச்ச நிறுத்துனா கோடு படுத்துக்குது."

எத்தனையோ மணி நேரம் குரல்களை வெட்டியிருக்கிறேன். அவற்றுக்கு ஓர் உருவம் உண்டென்று படித்தும் இருக்கிறேன். ஆனால் அதைப் பார்த்து எனக்குச் சொன்னவர் அதுவரை ஒருவரும் இல்லை.

"அதுதான் கொரலோட வடிவம்" என்றேன். "பெருசாப் பேசுனா பெருசாத் தெரியும்."

"நான் பேசுனா?"

பதிவு செய்யும் பொத்தானை அழுத்தி, ஒலிவாங்கியை அவர் கையில் கொடுத்தேன். அவருக்குப் பேச்சு வரவில்லை. "ஒண்ணும் இல்லம்மா, நேரா கெடக்கு" என்றார். சொன்ன மாத்திரத்தில் தானே திடுக்கிட்டார். அந்தச் சொற்களுக்குக் கோடு எழுந்துவிட்டிருந்தது.

பிறகு அவர் விடவில்லை. தொண்டையைச் செருமிப் பார்த்தார். மகனின் பெயரைச் சொன்னார், ஒரு தரம் மெதுவாக, ஒரு தரம் கூப்பிடுகிற மாதிரி. ஒலிவாங்கியை எடுத்துக்கொண்டு சுவர்க் கடிகாரத்துக்குப் போனார். "முள்ளு முள்ளாக் குத்துது" என்றார். வாசலில் ஒரு காகம் கத்தக் காத்திருந்தார். அது கத்தியதும், "அதுவும் வருது" என்று எனக்கு மட்டும் கேட்கும் குரலில் சொன்னார். எவ்வளவு உயரம், எப்படி விழுகிறது, எங்கே கூர்மை, எங்கே மழுங்கல் என்று ஒவ்வொன்றையும் சொல்லிக்கொண்டே வந்தார். என் வேலையை அன்றைக்குத்தான் நான் பார்த்தேன்.

அவருடைய தொடருக்கு நேரம் போய்க்கொண்டிருந்தது. "வயர மாத்திவிடவா அத்தை" என்று கேட்டேன்.

அவர் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். ஒலிவாங்கியை என் மூக்குக்கு நேராகப் பிடித்தார்.

"பேசாத. சும்மா மூச்சு மட்டும் விடு."

விட்டேன்.

அவர் பார்த்துக்கொண்டே இருந்தார். நான் இழுத்தேன், விட்டேன், மறுபடி இழுத்தேன். 

"தெரியுதும்மா" என்றார். "ஒன் மூச்சு தெரியுது."